"கீபோட்தானே அண்ணா?"

வெள்ளிக்கிழமை பின்னேரம் கடையைச் சாத்த ஆயத்தமாகும்போது அந்தத் தம்பி வந்தான். உப்புவெளிப் பக்கத்துப் பையன், ஜப்பானுக்கு வேலைக்குப் போக மொழி படிக்கிறான். "அண்ணா, போன் தன்ட பாட்டில விளம்பரம் போடுது. ஃபோர்மட் அடிச்சுத் தாங்க" என்றான். வாங்கி, வட்ஸ்அப்பைத் திறந்து, எழுதும் இடத்தைத் தொட்டேன். கீபோட் மேலே எழும்பி வந்தது. அதன் தலையில் ஏறி உட்கார்ந்தபடி ஒரு சூதாட்ட விளம்பரமும் வந்தது. ஃபோர்மட் எதற்கு? கழற்ற வேண்டியது அந்தக் கீபோட்டைத்தான்.

எங்கே எடுத்தாய் என்று கேட்டால், வகுப்புக் குழுவில் யாரோ போட்ட லிங்க். பிளே ஸ்டோரில் தேடினானாம், கிடைக்கவில்லையாம். இந்த மாதம் இது நான்காவது போன். நான்கும் ஜப்பான் மொழி படிக்கிற பிள்ளைகளுடையவை, நான்கிலும் இதே கதை.

பிளே ஸ்டோரில் ஏன் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய யூடியூப் பாடங்களிலும், கைமாறிக் கைமாறி வரும் வகுப்புக் குறிப்புகளிலும் 'கூகுள் ஜப்பானீஸ் இன்புட்' போடுங்கள் என்று இருக்கும். ஜப்பானிய எழுத்துத் தட்டுகிற கீபோட் அது, நல்ல ஆப்தான். ஆனால் ஆண்ட்ராய்டுக்கான அந்த ஆப்பை கூகுள் 2021இலேயே நிறுத்திவிட்டது. இப்போது அந்த வேலையை கூகுளின் ஜிபோட் கீபோட் பார்க்கிறது. நிறுத்திய சாமானை வெளியே தேடினால் அதே பெயரில், அதே படத்தோடு, எவனோ செய்த ஒரு ஏபிகே (பிளே ஸ்டோருக்கு வெளியே ஆப்பை ஏற்றும் கோப்பு) கிடைக்கத்தானே செய்யும்?

சரி, இதை அந்தத் தம்பிக்குச் சொன்னால் அவன் சொல்கிறான்: "கீபோட்தானே அண்ணா? அது கமராவும் கேக்கல்ல, கொன்டக்டும் கேக்கல்ல."

இந்த வசனத்தைக் கேட்டால் எனக்குத் தலை சூடாகிவிடும். கீபோட் ஏன் அனுமதி கேட்க வேண்டும்? நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் வாங்கி அந்தந்த ஆப்பிடம் கொடுப்பதுதான் அதன் தொழில். 'இதுதான் என் கீபோட்' என்று நீங்கள் தெரிவு செய்ததே அனுமதி. அதற்கு மேல் கேட்க அதற்கு ஒன்றும் இல்லை. உடனே அடுத்த கேள்வி வரும், வட்ஸ்அப் எல்லாவற்றையும் பூட்டித்தானே அனுப்புகிறது என்று. பூட்டுவது எப்போது? நீங்கள் எழுதி முடித்த பிறகு. கச்சேரி (அரச அலுவலகம்) வாசலில் ஒருவரிடம் சொல்லி மனு எழுதுவிக்கிறீர்கள். பிறகு கடித உறையை எவ்வளவு பசை போட்டு ஒட்டினாலும், எழுதித் தந்தவருக்கு உள்ளே இருப்பது தெரியும் அல்லவா? கீபோட் அந்த மனு எழுதுபவர். வங்கி பாஸ்வேட்டும் அவர் கையால்தான் போகிறது, கடவுச்சீட்டு இலக்கமும் அவர் கையால்தான் போகிறது, காதல் கடிதமும் அப்படித்தான்.

புதுக் கீபோட்டை இயக்கும்போது ஆண்ட்ராய்டே இதைச் சொல்கிறது: பாஸ்வேட், கடன் அட்டை இலக்கம் உட்பட நீங்கள் எழுதும் எல்லாவற்றையும் இது சேகரிக்கக்கூடும் என்று. எந்தக் கீபோட்டுக்கும் இந்த எச்சரிக்கை வரும், நல்லதற்கும் வரும். அதனால் "அது எல்லாத்துக்கும் வாறதுதானே" என்று ஓகேயை அமுக்கிவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் வருவது ஏனென்றால் எல்லாவற்றுக்கும் அந்தப் பலம் இருக்கிறது. ஐபோன் இந்த விடயத்தில் கொஞ்சம் கண்டிப்பு: பாஸ்வேட் பெட்டியைத் தொட்டதும் தன் சொந்தக் கீபோட்டுக்கு மாறிவிடும். ஆண்ட்ராய்டு பொதுவாக அப்படி மாறாது.

இன்னொன்று, ஜப்பானியக் கீபோட் நம் தமிழ்க் கீபோட் மாதிரி இல்லை. நாம் 'அ' தட்டினால் 'அ' விழும், விஷயம் முடிந்தது. அங்கே 'ஹஷி' என்று தட்டினால் பாலமா, சாப்பிடும் குச்சியா, ஓரமா என்று கேட்டு, அதற்கேற்ற கஞ்சி எழுத்தை, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்தை, எடுத்துத் தர வேண்டும். (கஞ்சி என்றுதான் நம் பிள்ளைகள் கொப்பியில் எழுதுகிறார்கள், பார்த்தால் பசிக்கும்.) 'கமி' என்றால் கடவுள், காகிதம், தலைமயிர், மூன்றும்தான். இதற்குப் பெரிய அகராதியும், நீங்கள் முன்பு எழுதியதன் ஞாபகமும் வேண்டும். அதனால் சில கீபோட்கள் தட்டியதை இணையத்தில் உள்ள தங்கள் சேர்வருக்கு அனுப்பிச் சரியான சொல்லைக் கேட்டு வாங்குகின்றன. இதுதான் இணைய மாற்று வசதி. நல்ல நோக்கம்தான், ஆனால் எழுத்து போனை விட்டு வெளியே போகிறது.

இது நான் கற்பனையில் சொல்வது அல்ல. 2013 டிசம்பரில் ஜப்பானிலேயே இது பெரிய செய்தியானது. அங்கே பிரபலமாக இருந்த சிமேஜி கீபோட், இணைய மாற்று வசதியை நிறுத்தி வைத்திருந்தவர்களின் போனிலிருந்தும் எழுத்துகளை பைடு நிறுவனத்தின் சேர்வருக்கு அனுப்பியது தெரியவந்தது. நிறுவனம் அதைப் பிழை என்று சொல்லித் திருத்தியது. இன்றைக்கு அது கள்ள ஆப் என்று நான் சொல்ல வரவில்லை. 2017இல் ஏ.ஐ.டைப் என்ற கீபோட்டைப் பாவித்த 3 கோடியே 10 இலட்சம் பேரின் விவரங்கள், பூட்டே இல்லாத ஒரு தரவுத்தளத்தில் திறந்து கிடந்தன. பெயர் தெரிந்த, ஊர் தெரிந்த நிறுவனங்களின் கதையே இதுவென்றால், வகுப்புக் குழுவில் வந்த லிங்க் யாருடையது?

உங்கள் போனில் ஏற்கனவே ஜப்பானிய மொழி இருக்கிறது. ஜிபோட்டில் பற்சக்கரப் படத்தைத் தொட்டு, மொழிகளுக்குள் போய், ஜப்பானிய மொழியைச் சேர்த்தால் போதும். ஐபோனிலும் உண்டு. சாம்சங் போனின் சொந்தக் கீபோட்டிலும் மொழியை இறக்கிக்கொள்ளலாம். காசு இல்லை, லிங்க் இல்லை.

சேர்க்கும்போது பன்னிரண்டு விசை அமைப்பைத் தெரிவு செய்யுங்கள். பிள்ளைகள் பயந்து ஆங்கில எழுத்து அமைப்புக்கு ஓடுகிறார்கள். தமிழ் படித்தவர் பயப்பட இதில் என்ன இருக்கிறது? எழுத்து விசைகளின் வரிசை அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் அரிச்சுவடி மாதிரியே இருக்கிறதா? சித்தம் என்ற பழைய இந்திய எழுத்தைக் கற்ற பௌத்த பிக்குகள் வழியாக இந்திய எழுத்து வரிசை அங்கே போய்ச் சேர்ந்தது. 'ப' இருக்க வேண்டிய இடத்தில் 'ஹ' நிற்கிறது, அவ்வளவுதான். 'க' விசையைத் தொட்டால் க, இடப்பக்கம் இழுத்தால் கி, மேலே கு, வலப்பக்கம் கெ, கீழே கொ. இரண்டு நாளில் விரல் பழகிவிடும்.

மூதூரில் இருந்து ஒரு தங்கச்சி வந்தார். ஒன்லைன் விண்ணப்பம் அவருடைய மின்னஞ்சலை ஏற்கவே இல்லை. கீபோட் பழுது என்று நினைத்து மூன்று கீபோட் மாற்றிப் பார்த்துவிட்டார். பழுது ஒன்றும் இல்லை. ஜப்பானியக் கீபோட்டில் ஆங்கில எழுத்துக்கும் இலக்கத்துக்கும் இரண்டு அகலம் உண்டு: முழு அகலம் சென்காகு, அரை அகலம் ஹன்காகு. அவருடைய மின்னஞ்சல் முழு அகலத்தில், எழுத்துக்கெழுத்து இடம் விட்டது போலப் பரந்து கிடந்தது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. மின்னஞ்சல், கடவுச்சீட்டு இலக்கம், பாஸ்வேட் மூன்றையும் ஆங்கிலக் கீபோட்டுக்கு மாறி எழுதுங்கள். கதகானாவில் (வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்து) கேட்கும் பெயரை மட்டும் ஜப்பானியக் கீபோட்டில். இதற்காகக் கீபோட் மாற்றாதீர்கள், தயவுசெய்து.

அப்படியும் மாற்றியே ஆக வேண்டுமா? பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள், செய்தவர் யாரென்று பாருங்கள், இணைய மாற்று வசதி இருந்தால் நிறுத்துங்கள். பழையது கற்றுக்கொண்ட சொற்கள் புதியதற்கு வராது. உங்கள் பெயரையும் ஊரையும் அதன் அகராதியில் ஒருமுறை சேர்த்துவிடுங்கள் (திருகோணமலை அவர்கள் வாயில் 'தொரின்கொமரீ' ஆகும்). பழையதைத் தெரிவிலிருந்து எடுத்தால் மட்டும் போதாது, போனை விட்டே அழியுங்கள். அழிக்கும் பொத்தான் வேலை செய்யாவிட்டால் அந்த ஆப் போனின் நிர்வாகி உரிமையை வாங்கி வைத்திருக்கலாம், அமைப்புகளில் அதை நீக்கிவிட்டு அழியுங்கள். முடியாவிட்டால் கடைக்குக் கொண்டு வாருங்கள், ஏச மாட்டேன்.

உப்புவெளித் தம்பியிடம் கடைசியாகக் கேட்டேன்: "இதில வங்கி ஆப் ஏதும் பாவிச்சியா?" முகம் மாறியது. வகுப்புக் காசு கட்ட அம்மாவுடைய கணக்கில் நுழைந்திருக்கிறான், அதுவும் இரண்டு தடவை. "அப்ப உடனே பாஸ்வேட்டை மாத்து" என்று சொல்லிவிட்டு, மேசையில் இன்னொரு போனின் திரையைக் கழற்றத் திரும்பினேன். நிமிர்ந்து பார்த்தால் வங்கி ஆப்பைத் திறந்து, புதுப் பாஸ்வேட்டின் நான்கு எழுத்தைத் தட்டியிருந்தான். எழுத்துகளுக்கு மேலே அதே சூதாட்ட விளம்பரம்.

"தம்பி," என்றேன், "முதல்ல அந்தக் கீபோட்டைக் கழட்டு."