வரி முடிந்தால் கடிதம் முடிந்தது

“ஊர் நூலகத்தின் புத்தகப் பட்டியல் என் மடிக்கணினியில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கேட்டால் அதைத் திறந்து பார்த்துப் பதில் சொல்கிறது. அதன் மூளை கடல் கடந்து எங்கோ இருக்கிறதாமே, என் வீட்டுக் கோப்பை எப்படித் தொட்டது?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இணைப்பை மகன் அமைத்துக் கொடுத்தாராம். விளக்கம் சொல்ல நேரமில்லாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டாராம்.

அது தொடவில்லை. அந்த மூளையின் பெயர் மொழி மாதிரி. அது எழுத்தை வாங்கி எழுத்தைத் தரும், அவ்வளவுதான். கோப்பைத் திறக்கும் கை அதற்குக் கிடையாது. “இன்ன கருவியை இன்ன சொல்லோடு இயக்குங்கள்” என்று ஒரு சீட்டு எழுதித் தரும். சீட்டை வாங்கிக்கொண்டு கருவியை இயக்குவது உங்கள் மடிக்கணினியில் ஓடும் செயலி. கிடைத்த விடையை அதே செயலி மாதிரிக்கு அனுப்புகிறது. அதைப் படித்துவிட்டு மாதிரி உங்களுக்குப் பதில் எழுதுகிறது. ஆகவே கருவி வீட்டிலேயே ஓடினாலும் அது எடுத்த விடை வீட்டைவிட்டு வெளியே போகிறது. “எல்லாம் என் கணினிக்குள்ளேயே நடக்கிறது” என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்த இடத்தைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

அந்தச் சீட்டைச் செயலி கருவியிடம் எந்த வடிவில் கொடுக்க வேண்டும் என்பதற்குப் பொது விதி ஒன்று உண்டு. மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்சிபி. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. மறு ஆண்டே ஓப்பன்ஏஐ உள்ளிட்ட போட்டியாளர்களும் ஏற்றுக்கொண்டார்கள். நிரல் எழுதும் செயலிகளுக்காக 2016இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஒரு நெறிமுறைதான் இதற்கு முன்மாதிரி. முதலில் செயலி, கருவிகளை வைத்திருக்கும் சர்வர் என இரு பக்கமும் அறிமுகம் செய்துகொள்ளும். பிறகு செயலி “உன்னிடம் என்னென்ன கருவிகள்?” என்று கேட்கும். சர்வர் ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், தேவைப்படும் உள்ளீடு மூன்றையும் பட்டியலிடும். அந்த விளக்கத்தைப் படித்துத்தான் எந்தக் கருவி எப்போது வேண்டும் என்று மாதிரி முடிவு செய்கிறது. விளக்கத்தில் விஷமத்தனமான கட்டளையை ஒளித்துவைத்தால் மாதிரி அதற்கும் ஏமாறக்கூடும்.

இதெல்லாம் இருக்கட்டும். என்னை மயக்குவது இந்தச் சீட்டுகள் போய்வரும் வழி.

சர்வர் என்றவுடன் குளிரூட்டிய அறையும் இரும்பு அலமாரியும் நினைவுக்கு வரும். இங்கே அது ஒரு சிறு நிரல். செயலியே அதைத் தன் குழந்தைப் பணியாகத் தொடங்கிவைக்கிறது. இருவருக்கும் இடையே இணையம் கிடையாது, கடவுச்சொல் கிடையாது. இருப்பது யூனிக்ஸ் என்ற இயங்குதள உலகின் பழைய குழாய். பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய், தோட்டத்து ரப்பர் குழாய்களைப் போல நிரல்களை ஒன்றோடொன்று பொருத்த வழி வேண்டும் என்று 1964இலேயே ஒரு குறிப்பு எழுதினார். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் அதை அதில் சேர்த்தது 1973இல். ஒன்பது ஆண்டுகள்! அடுத்த மார்ச்சுக்குள் பயன் என்ன என்று கேட்கும் இன்றைய ஆய்வு நிதிக் குழுக்களிடம் அந்தக் குறிப்பு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

குழாய் என்பது இயங்குதளம் ஒதுக்கும் ஒரு துண்டு நினைவகம். லினக்ஸில் வழக்கமாக 64 கிலோபைட். அது நிரம்பினால் எழுதுபவர் காத்திருப்பார். காலியானால் படிப்பவர் உறங்குவார். போய்வரும் ஒவ்வொரு சீட்டும் ஒரு கடிதம். ஆனால் குழாய்க்குக் கடிதம் என்றால் என்னவென்று தெரியாது. பைட்டுகள் தண்ணீர்போல ஓடும். ஒரு கடிதம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று படிப்பவர் எப்படி அறிவார்?

வரி முடிந்தால் கடிதம் முடிந்தது. விதி அவ்வளவே. அப்படியானால் நான்கு வரிக் கவிதையை ஒரே கடிதத்தில் அனுப்ப முடியாதா? முடியும். கடிதங்கள் எழுதப்படும் ஜேசன் (JSON) என்ற எழுத்து வடிவத்தில் மேற்கோள் குறிக்குள் உண்மையான புதுவரி வரவே கூடாது. அந்த இடத்தில் ஒரு சாய்கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் நிற்கும். உள்ளே வர முடியாத குறி அது என்பதாலேயே வெளியே எல்லைக்கல்லாக நிற்கிறது. இந்த எளிமையை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

இந்த எளிமையில் நான் சறுக்கியும் விழுந்தேன். பைத்தான் நிரல்மொழியில் சொந்தமாக ஒரு சர்வர் எழுதி, அது தொடங்கியதும் “தயார்” என்று அச்சிட்டு அதை மட்டும் உடனே அனுப்பும்படி வைத்திருந்தேன். இணைப்பு உடனே முறிந்தது. கணினியை மூன்று முறை அணைத்துப் போடச் சொன்னார் நண்பர். வாசலில் எலுமிச்சை கட்டுவதன் மின்னணுப் பதிப்பு அது; எப்போதோ ஒருமுறை பலித்துவிடுவதால் சாவதே இல்லை. ஒவ்வொரு நிரலுக்கும் பிறப்பிலேயே மூன்று வாய்க்கால்கள்: 0 உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழைச்செய்தி. கடிதங்கள் போக வேண்டிய 1ஆம் வாய்க்காலில் என் “தயார்” மிதந்து போயிருக்கிறது. ஜேசன் அல்லாத அதைப் பிரித்துப் படிக்க முயன்ற செயலி திணறிவிட்டது. 2க்கு மாற்றினேன்.

இப்போது மயான அமைதி. கட்டளைகளைத் தட்டும் முனையத் திரையில் கையால் தட்டிச் சோதித்தால் பதில் உடனே வருகிறது. செயலியோடு இணைத்தால் ஊமையாகிவிடுகிறது. மனிதர் பார்க்கும் திரைக்கு எழுதும்போது பைத்தான் வரிக்கு வரி அனுப்பும். எதிரே குழாய் என்று தெரிந்தால் சிக்கனம் பார்த்து, சில ஆயிரம் பைட்டுகள் சேரும்வரை தன்னிடமே வைத்துக்கொள்ளும். நூறு பைட்டுப் பதிலை எழுதிவிட்டு என் சர்வர் அடுத்த கேள்விக்குக் காத்திருந்தது. அந்தப் பதில் கைக்கு வராமல் செயலியும் காத்திருந்தது. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் “உடனே அனுப்பு” என்று ஒரு கட்டளை சேர்த்ததும் பேசத் தொடங்கின.

வாசகரின் கேள்விக்குப் பின்னால் இருக்கும் அச்சத்துக்கு வருகிறேன். அச்சப்பட வேண்டிய இடம் குழாய் அல்ல. அந்தக் குழந்தைப் பணி உங்கள் பெயரில், உங்கள் உரிமையோடு ஓடுகிறது. தனியாகத் தடுப்பு எதுவும் போடாவிட்டால் நீங்கள் திறக்கக்கூடிய கோப்பு எதையும் அதுவும் திறக்கும். செயலியின் அமைப்புக் கோப்பில் எந்தக் கட்டளை, எந்த அடைவு (ஃபோல்டர்) என்று ஓரிரு வரிகள் இருக்கும். மகன் அடுத்த முறை வரும்போது அந்த வரிகளைக் காட்டச் சொல்லுங்கள். அடைவு என்ற இடத்தில் நூலகப் பட்டியல் இருக்கும் அடைவின் பெயர் மட்டும் இருக்க வேண்டும். மொத்த வட்டையும் எழுதிவைத்திருந்தால் அவரையே மாற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.