சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை செல்வோர் நாள் குறிக்கும் முன்

தை பிறந்துவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: "இந்த வருசம் மீனாட்சி கல்யாணமும் அழகர் ஆத்துல எறங்குறதும் என்னைக்குங்க?" கேட்பவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதிலிருந்தே அவர் மனத்தில் இரண்டும் ஒரே நாளாகவோ அடுத்தடுத்த நாளாகவோ பதிந்திருப்பது தெரிந்துவிடும். கோயம்புத்தூரிலிருந்து சிறு குழுக்களைத் திருவிழாக்களுக்கு அழைத்துச் செல்வதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இந்த ஒரு தவறான எண்ணத்தால் வீணான பயணங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றுள் ஒன்று நானே ஏற்பாடு செய்தது.

2022-இல் திருக்கல்யாணம் ஏப்ரல் 14 அன்றும், அழகர் ஆற்றில் இறங்கியது ஏப்ரல் 16 அன்றும் நடந்தன. இடைவெளி இரண்டு நாள். அந்தக் கணக்கையே மனத்தில் வைத்துக்கொண்டு, 2023-இல் மே 2 அன்று கல்யாணம் என்றால் மே 4 காலையில் அழகர் இறங்கிவிடுவார் என்று முடிவு செய்து, கோயிலின் அறிவிப்பு வருவதற்குள் பதினான்கு பேருக்கு மே 4 இரவு ஊர் திரும்ப ரயில் பயணச்சீட்டும் எடுத்துவிட்டேன். அறிவிப்பு வந்தபோது அழகர் இறங்கும் நாள் மே 5 என்றிருந்தது. மறுநாள் ரயிலில் காத்திருப்புப் பட்டியல் நீண்டு கிடந்தது; தங்கியிருந்த லாட்ஜில் எங்கள் அறைகள் வேறொருவருக்குப் போயிருந்தன. மே 4 இரவு நாங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்குள் நுழைய, எதிரே வந்து நின்ற ரயில்களிலிருந்து இறங்கிய கூட்டம் தூக்குவாளியும் போர்வையுமாக ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. குழுவிலேயே மூத்த அம்மா ஒருவர் படிக்கட்டில் நின்றுவிட்டார். "ஏந்தம்பி, அழகரப் பாக்காமயேவா ஊருக்குப் போறோம்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விஷயம் எளிது, ஆனால் யாரும் எனக்குச் சொன்னதில்லை. மீனாட்சியின் திருக்கல்யாணம் சித்திரை மாதத்து உத்திர நட்சத்திரத்தை ஒட்டி வருகிறது. அழகர் வைகையில் இறங்குவது சித்திரா பௌர்ணமியை ஒட்டி வருகிறது. ஒன்று நட்சத்திரக் கணக்கு, மற்றொன்று திதிக் கணக்கு. பௌர்ணமி சித்திரையின் தொடக்கத்திலேயே வந்துவிட்டால், நிலவு அன்று சித்திரை நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும். உத்திரத்துக்கும் அதற்கும் இரண்டு நாள்தான். பௌர்ணமி மாதத்தின் பிற்பகுதிக்குத் தள்ளிப்போகப் போக, நிலவு சுவாதிக்கும் விசாகத்துக்கும் நகர்ந்துவிடும். இடைவெளியும் மூன்று நாள், நான்கு நாள் என்று விரியும். 2024-இல் ஏப்ரல் 21 கல்யாணம், 23 அன்று அழகர். 2025-இல் மே 8 கல்யாணம், மே 12 அன்று அழகர். ஆகவே சென்ற ஆண்டு இரண்டு நாள் விடுப்பில் அனைத்தையும் பார்த்துத் திரும்பியவர், இவ்வாண்டும் அதே போலத் திரும்பலாம் என்று நம்பிப் பயணச்சீட்டு எடுப்பது ஆபத்தானது.

இரண்டு கணக்கு ஏன் வந்தது என்பதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. மீனாட்சி கோயிலின் திருவிழா ஒரு காலத்தில் மாசியில் நடந்தது என்றும், அழகர் ஆற்றில் இறங்குவது மதுரைக்கு மேற்கே தேனூரில் நடந்தது என்றும், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தாம் இரண்டையும் சித்திரையில் மதுரைக்குக் கொண்டுவந்து அருகருகே வைத்தார் என்றும் சொல்லப்படுகிறது. சித்திரையில் நடந்தாலும் தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. வண்டியூருக்கு அருகே அழகர் எழுந்தருளும் மண்டபத்துக்குத் தேனூர் மண்டபம் என்றே பெயர். சைவக் கோயில் விழா ஒன்றும் வைணவக் கோயில் விழா ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஒன்றாகக் கலந்துவிடவில்லை. தங்கையின் கல்யாணத்துக்கு வந்த அழகர், கல்யாணம் முடிந்துவிட்டதை அறிந்து கோபித்து வண்டியூர் போய்விட்டார் என்ற கதை மக்கள் வாயில் வாழ்வதும் இதனால்தான். கோயிலுக்குள் தாரை வார்த்துக் கொடுப்பவர் திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள், அழகர் அல்லர். இதைக் கேட்டு வருத்தப்படுபவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

எனவே நாள் குறிக்கும் முறை இதுதான். முதலில் அடுத்த சித்திரையில் பௌர்ணமி எந்தத் தேதி என்று பஞ்சாங்கத்தில் பாருங்கள். பிறகு அதே வளர்பிறையில் உத்திரம் எந்த நாள் என்று பாருங்கள். இவ்விரண்டும் பயணத்தின் இரு முனைகள். இவை உத்தேசத் தேதிகளே. கோயில்களின் அறிவிப்பு வந்த பிறகே உறுதி செய்ய வேண்டும். ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது இந்த வகையில் நமக்கு ஒரு நன்மை. என்னைப் போல நான்கு மாதத்துக்கு முன்னமே அவசரப்பட்டு மாட்டிக்கொள்ள இனி வழியில்லை. அறையை மட்டும் முன்கூட்டியே பேசி வையுங்கள். தேதி ஒரு நாள் முன்பின் ஆனால் மாற்றித் தருவார்களா என்பதை வாய்ச்சொல்லாக இல்லாமல் குறுஞ்செய்தியாகவாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

அறை எங்கே என்பதில்தான் பலர் இரண்டாவது தவறைச் செய்கிறார்கள். மீனாட்சியின் விழா வைகைக்குத் தெற்கே நடக்கிறது. அழகரின் விழா பெரும்பாலும் வடக்கே நடக்கிறது. ரயில் நிலையம் தெற்கே. கோவை, திண்டுக்கல், தேனிப் பேருந்துகள் வந்து நிற்கும் ஆரப்பாளையமும் தெற்கே. சென்னை, திருச்சிப் பேருந்துகள் வரும் மாட்டுத்தாவணி வடக்கே. கல்யாணத்துக்கும் தேருக்கும் டவுன்ஹால் ரோட்டிலோ மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலோ தங்குவதைப் போல வசதி வேறில்லை. ஆனால் அழகர் இறங்கும் முந்தைய இரவு பாலங்களிலும் கோரிப்பாளையம் பக்கத்திலும் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள்; தெற்கே தங்கியிருப்பவர் நள்ளிரவில் நடந்தே ஆற்றைக் கடக்க வேண்டும். ஆகவே இரண்டையும் பார்க்க வருபவர்களுக்கு, தேர் முடிந்த அன்றே அறையைக் காலி செய்துகொண்டு தல்லாகுளம், அண்ணாநகர், கே.கே.நகர்ப் பக்கம் மாறிவிடும்படி சொல்கிறேன். பெட்டியைக் கட்டுவது ஒரு மணி நேர வேலை. அதற்கு அலுத்துக்கொள்பவர்கள் இரவு இரண்டு மணிக்கு என்னை அழைத்து ஆட்டோ கேட்பார்கள், ஆட்டோ கிடைக்காது.

திருக்கல்யாணத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டியது அனுமதியைப் பற்றித்தான். அண்மைய ஆண்டுகளில் 200, 500 ரூபாய்க் கட்டணச் சீட்டுகள் கோயிலின் வழியே இணையத்தில் கொடுக்கப்பட்டன. கட்டணம் இல்லாதவர்கள் தெற்குக் கோபுர வாசல் வழியாக, வந்த வரிசையில் அனுமதிக்கப்பட்டார்கள். "எங்களிடம் பாஸ் இருக்கிறது" என்று வெளியில் விற்பவர்களை நம்பிப் பணம் கொடுத்துவிட்டு வாசலில் நின்றவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே உண்டு. செல்பேசிக்கு உள்ளே தடை என்பதால், குழுவாகச் செல்பவர்கள் பிரிந்துவிட்டால் எங்கே, எத்தனை மணிக்குக் கூடுவது என்பதை உள்ளே நுழையும் முன்பே பேசிவிட வேண்டும். மாங்கல்யம் சாற்றப்படும் நேரம் ஆண்டுதோறும் ஒன்றாகவே இருப்பதில்லை; 2023 முதல் 2025 வரை காலை எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் இருந்தது. அந்த வேளையில் உள்ளே இடம் கிடைக்காமல் சித்திரை வீதிகளில் நிற்கும் பெண்களும் அதே நொடியில் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்கிறார்கள். ஒருவர் கழுத்தில் இன்னொருவர், முன்பின் அறியாதவர், முடிச்சுப் போட்டு உதவுவதைப் பார்க்க வேண்டுமானால் வீதியில் நிற்பதே மேல் என்பது என் எண்ணம். சேதுபதி பள்ளி வளாகத்தில் நடக்கும் கல்யாண விருந்துக்குச் சென்று, சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு வருவதற்கு எந்தச் சீட்டும் வேண்டியதில்லை.

தேருக்கு நேரமே எழுந்து மாசி வீதிகளுக்குப் போய்விடுங்கள், திருப்பங்களில் நிற்காதீர்கள்.

அழகர் வரும் இரவுக்குத்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. மதுரையிலிருந்து ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அழகர்கோயிலில், பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் விடைபெற்றுக் கள்ளர் கோலத்தில் புறப்படும் அழகரை மூன்றுமாவடியில் மதுரை மக்கள் எதிர்கொண்டு அழைக்கிறார்கள். இதற்கு எதிர்சேவை என்று பெயர். பிறகு தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்கி, திருவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாளின் மாலையைச் சூடி, தங்கக் குதிரையில் ஏறி ஆற்றுக்கு வருகிறார். அன்று உடுத்தியிருக்கும் பட்டு என்ன நிறம் என்பதே விடிந்ததும் ஊர்ப் பேச்சு. பச்சை என்றால் செழிப்பு.

ஆற்றில் இறங்குவது காலை ஆறு மணியை ஒட்டி என்றாலும் கரை நள்ளிரவிலேயே நிரம்பிவிடும். பெருந்தொற்றால் இரண்டாண்டுகள் பக்தர்கள் கூட முடியாமல் போன விழா 2022-இல் மீண்டும் பக்தர்களோடு நடந்தபோது, ஏப்ரல் 16 அதிகாலை நெரிசலில் இருவர் உயிரிழந்தார்கள். இதைச் சொல்லாமல் யாரையும் நான் ஆற்றுக்கு அழைத்துச் செல்வதில்லை. அறுபது வயதைக் கடந்தவர்கள், இதய நோயாளிகள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு நான் சொல்வது: ஆற்றை விட்டுவிடுங்கள், எதிர்சேவைக்கு வாருங்கள். சாலை அகலம், அழகர் மண்டகப்படிதோறும் நின்று நின்று வருகிறார், கூட்டம் அவரோடு நகர்ந்துவிடுகிறது. ஆற்றங்கரையில் தொலைவில் தங்கக் குதிரையின் தலையைப் பார்ப்பதை விட, இங்கே இருபது அடி தூரத்தில் முகத்தையே பார்க்கலாம். பிள்ளைகளின் சட்டைப் பையில் பெற்றோரின் எண்ணை எழுதி வையுங்கள். கூட்டத்தில் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

இன்னொரு செய்தி. கருப்பசாமி வேடமிட்டுத் துருத்தி என்னும் தோல் பையிலிருந்து நீரைப் பீய்ச்சியடிப்பது நேர்த்திக்கடன். அது உங்கள் மேலும் படும், படத்தான் செய்யும். சென்ற முறை ஒரு பெரியவரின் காதுக்கருவி நனைந்து பழுதாகிவிட்டது. மீதிப் பயணம் முழுவதும் அவருக்கு நான் சைகையில்தான் பேசினேன். கருவி, கேமரா, மருந்துச்சீட்டு எதுவாயினும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வெயிலைப் பற்றித் தனியே எழுத வேண்டியதில்லை. மே மாதத்தில் விழா விழுந்தால் கத்திரி வெயிலும் சேர்ந்துகொள்ளும். வழிநெடுகிலும் நீர்மோரும் பானகமும் கொடுக்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பானகத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். கழிவறை கிடைப்பதுதான் பெண்களுக்குப் பெரிய சிரமம். அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் நிற்கும் இடத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் அறை எடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆற்றில் இறங்கிய அன்று மாலையே வெளியூர்க் கூட்டம் கிளம்பிவிடுகிறது. விழா முடிந்துவிட்டதாக எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். அழகர் அன்றிரவு வண்டியூரில் தங்கி, மறுநாள் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் தந்து, இரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரக் கோலங்களில் காட்சி தருகிறார். அதற்கு அடுத்த இரவு தல்லாகுளம் சேதுபதி மண்டபத்திலிருந்து பூப்பல்லக்கில் புறப்பட்டு மலைக்குத் திரும்புகிறார். இந்த இரவுகளில் லாட்ஜ் அறைகள் காலியாகி, வாடகையும் இறங்கிவிடுகிறது. வயதானவர்களைக் கொண்ட குழுக்களுக்கு இப்போதெல்லாம் நான் இந்தப் பின் நாள்களையே பரிந்துரைக்கிறேன். 2023-இல் ரயில் நிலையப் படிக்கட்டில் நின்ற அந்த அம்மா மறு ஆண்டு பூப்பல்லக்குக்கு வந்தார். பின்னிரவில் தல்லாகுளத்தில் ஒரு கடை வாசற்படியில் உட்கார்ந்தபடியே பார்த்தார். பல்லக்கு கடந்து போன பிறகும் மல்லிகை வாசம் போகவில்லை என்று, காப்பி வாங்கிக்கொண்டு வரும் வரைக்கும் எழ மறுத்துவிட்டார்.