கைக்கோடாரி விறகை எப்படிப் பிளக்கிறது?

விறகை வெட்டுவது வேறு, பிளப்பது வேறு. கிளையை நாருக்குக் குறுக்கே துண்டாக்கினால் வெட்டு. அந்தத் துண்டை நாரின் போக்கிலேயே இரண்டாக்கினால் பிளவு. ஒரே கருவி இரண்டையும் செய்கிறது என்றாலும் மரத்துக்குள் நடப்பது இரண்டிலும் ஒன்றல்ல. முகாமுக்கு எந்தக் கைக்கோடாரியை வாங்குவது, அதை எப்படிப் பிடிப்பது, காலில் படாமல் எப்படி வேலை செய்வது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

மரம் என்பது நெருக்கிக் கட்டிய நுண்குழாய்களின் கட்டு. குழாய்ச் சுவருக்கு வலு தருவது செல்லுலோஸ். குழாய்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் பசை லிக்னின். நாரை நீளவாக்கில் இழுத்து அறுக்கத் தேவையான விசை, இரண்டு நார்களைப் பக்கவாட்டில் பிரிக்கத் தேவையானதைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம். குறுக்கே வெட்டும்போது வலுவான நாரையே அறுக்கிறோம், அதனால் வாய் கூர்மையாக இருந்தே தீர வேண்டும். பிளக்கும்போது நாரைத் தொடுவதே இல்லை, பசையைத்தான் விடுவிக்கிறோம். பிளவு தொடங்கிய பிறகு கோடாரியின் கூர்முனை பெரும்பாலும் எதையும் தொட்டுக்கொண்டிருக்காது. விரிசல் அதற்கு முன்னால் ஓடும், கோடாரித் தலையின் இரு பக்கங்களான கன்னங்கள் மரத்தை விலக்கிக்கொண்டே போகும்.

அந்தக் கன்னங்கள் சேர்ந்ததுதான் ஆப்பு. கன்னங்களுக்கு இடையே 20 பாகைக் கோணம் இருந்தால், உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிடும்போது, மேலிருந்து தரும் விசையைப் போல் ஏறத்தாழ 2.9 மடங்கு ஒவ்வொரு பக்கத்திலும் தள்ளும். கோணம் 40 பாகையானால் அது 1.5 மடங்காகக் குறையும். அப்படியானால் மெல்லிய தலைதானே நல்லது என்று தோன்றும். ஆனால் 3 சென்டிமீட்டர் ஆழம் இறங்கியதும் 20 பாகை ஆப்பு மரத்தை 1 சென்டிமீட்டர் அளவுக்கே விலக்கியிருக்கும், 40 பாகை ஆப்போ 2 சென்டிமீட்டருக்கு மேல் விலக்கியிருக்கும். மெல்லிய தலை எளிதில் இறங்கும், ஆனால் பிளக்காமல் மாட்டிக்கொள்ளும். தடித்த தலை நன்றாகப் பிளக்கும், ஆனால் குறுக்கு வெட்டில் துள்ளித் தெறிக்கும். முகாமுக்கு இரண்டும் தேவைப்படுவதால், வாயருகே மெலிந்து, காம்பு செருகும் துளையை நெருங்கும்போது விரியும் தலையைத் தேர்ந்தெடுங்கள். கன்னம் தட்டையாக இருந்தால் அதன் முழுப் பரப்பும் மரத்தோடு ஒட்டிக்கொண்டு சிக்கும். இலேசாகப் புறம் குவிந்திருந்தால் குறைந்த இடமே உரசும், இழுத்தால் உடனே வெளிவரும்.

இனி, காம்பின் நீளம். இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

கைக்கோடாரியின் தலை பொதுவாக 450 முதல் 700 கிராம், காம்பு 30 முதல் 40 சென்டிமீட்டர். இயக்க ஆற்றல் எடையோடு நேர்விகிதத்திலும், வேகத்தோடு இருமடி விகிதத்திலும் கூடுகிறது. குட்டைக் காம்பு வட்டத்தைச் சிறிதாக்குவதால் வேகம் குறைகிறது. ஓர் எடுத்துக்காட்டு: 600 கிராம் தலை வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் 19 ஜூல். 1.6 கிலோ தலையுள்ள நீண்ட கோடாரி வினாடிக்கு 15 மீட்டரில் வந்தால் 180 ஜூல். ஏறத்தாழ ஒன்பது மடங்கு வித்தியாசம்! இந்தக் குறையைத் தோள்வலுவால் ஈடுகட்ட முயல்வதே பல விபத்துகளின் தொடக்கம். கைக்கோடாரியை ஓங்கிப் பயனில்லை. 10 சென்டிமீட்டருக்கு மேல் தடித்த கட்டைக்கு அது ஏற்ற கருவியும் இல்லை.

சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று நினைத்துவிடக் கூடாது. தோள் 1.4 மீட்டர் உயரத்தில் இருப்பவர், 60 சென்டிமீட்டர் கையோடு 80 சென்டிமீட்டர் காம்புள்ள கோடாரியை வீசினால், குறி தவறும்போது வாய் தரையில் போய்ப் பதியும். அதே ஆள் 35 சென்டிமீட்டர் காம்பை வீசினால் கையும் காம்பும் சேர்ந்து 95 சென்டிமீட்டர்தான். தரைக்கு 45 சென்டிமீட்டர் மேலே வாய் சுழன்று வரும். அங்கே இருப்பது அவருடைய முழங்கால். இதற்குத் தீர்வு எளிது: மண்டியிடுங்கள். தோள் 95 சென்டிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்துவிடும், தவறிய அடியைத் தரையோ அடிக்கட்டையோ வாங்கிக்கொள்ளும். அடிக்கட்டையின் மேல், அதன் தூர ஓரத்தை ஒட்டி விறகை வையுங்கள், அருகு ஓரத்தில் வைக்காதீர்கள். கட்டையின் அகலம் முழுவதும் உங்களுக்கும் வாய்க்கும் இடையில் காவலாக நிற்க வேண்டும். தொடங்குமுன் கோடாரியோடு கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். தலைக்கு மேல் ஒரு சிறு கொடி தட்டினால்கூட அடியின் திசை மாறிவிடும்.

ஓங்காமல் பிளப்பது எப்படி? மெல்லிய விறகுக்கு ஒரு நல்ல முறை இருக்கிறது. விறகையும் காம்பையும் இணையாகப் பிடியுங்கள். கோடாரி வாய், விறகின் ஒரு முனைக்கு அருகே, நாரின் நீளவாக்கில் பதிந்திருக்கட்டும். விறகைப் பிடிக்கும் விரல்கள் மறுமுனையில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒட்டியபடியே ஒரு சாண் உயர்த்தி, அடிக்கட்டையில் ஒன்றாக இறக்குங்கள். கட்டை விறகை நிறுத்திவிடும், கோடாரித் தலையோ தன் உந்தத்தால் இன்னும் சற்று இறங்கும். வாய் அரை சென்டிமீட்டர் பதிந்தாலே போதும். பிறகு மணிக்கட்டைத் திருப்பினால் கன்னம் நெம்புகோலாகி விறகைத் திறந்துவிடும். குறிபார்க்கும் வேலையே இல்லாததால் குறி தவறுவதும் இல்லை.

மணிக்கட்டுத் தடிமனுள்ள துண்டை நிமிர்த்தி வைத்து, அதன் தலையில் கோடாரி வாயைப் பொருத்தி, பின்புறத்தை உருட்டுக்கட்டையால் தட்டி இறக்கலாம். இரும்புச் சுத்தியலால் மட்டும் தட்டக் கூடாது. கோடாரியில் வாய்ப்பகுதிக்குத்தான் பதம் ஏற்றியிருப்பார்கள். துளையைச் சுற்றிய சுவர் மெல்லியது, மென்மையானது. இரும்படி பட்டால் துளை கோணிக் காம்பு தளரும், சில்லு தெறித்துக் கண்ணைக் கெடுக்கவும் கூடும்.

கணு உள்ள துண்டு அடங்காது. கிளை முளைத்த இடத்தில் நார்கள் அதைச் சுற்றி வளைந்து பின்னிக்கொள்வதால் அங்கே பிளத்தலே வெட்டுதலாகிவிடுகிறது. கணு இல்லாத முனையிலிருந்து தொடங்கி, கணுவின் ஓரமாகச் சிறுசிறு சிம்புகளை எடுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் முழுதாகவே நெருப்பில் போடுங்கள். கணு நின்று எரியும், இரவுக்கு நல்லது.

குறுக்கு வெட்டில் 90 பாகையில் அடிப்பது வீண். நார் நசுங்கும், சிராய் வெளிவர வழியிருக்காது. 45 பாகை அளவில் இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று என மாற்றி மாற்றி அடித்தால் நடுவிலுள்ள சில்லு கழன்று விழும். பள்ளத்தின் மேல்வாய், கிளையின் தடிமன் அளவு அகலமாக இருக்கட்டும், குறுகலாகத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும். வெட்டும் இடத்துக்கு நேர்கீழே தாங்கல் வேண்டும். இரு கற்களுக்கு இடையே பாலம்போல் கிடக்கும் கிளை, அடியின் ஆற்றலை வளைந்து விழுங்கிவிட்டுத் திருப்பி உதறும். உண்மையைச் சொன்னால், குறுக்கு வெட்டுக்கு மடக்கு ரம்பமே மேல். குறைந்த உழைப்பு, குறைந்த ஆபத்து. ரம்பத்தால் துண்டாக்கி, கோடாரியால் பிளப்பதுதான் பொருத்தமான இணை.

குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக்காம்பு என்று திட்டுவார்கள், ஆனால் நல்ல காம்பு கிடைப்பது அரிது. ஹிக்கரி, ஆஷ் மரங்கள் பெயர்பெற்றவை, அதிர்வை வாங்கிக்கொண்டு முறியாமல் வளைந்துகொடுக்கும். வாங்கும்போது பக்கவாட்டில் பாருங்கள். நார் காம்பின் நீளம் முழுதும் ஓட வேண்டும். நடுவிலேயே சரிந்து வெளியேறினால் அந்த இடத்தில்தான் முறியும். அடிமுனையில் தெரியும் வளர்ச்சி வளையங்கள், வாய் நோக்கும் திசையிலேயே செல்வது நல்லது. முழு இரும்புக் காம்பு தளராது, ஆனால் அதிர்வு கைக்கு வரும்.

தலை ஆடினால் தண்ணீரில் ஊறவைப்பது பழைய பழக்கம். அது ஏமாற்று வேலை. மரம் ஊறி வீங்கும்போது இரும்புத் துளைக்குள் இடமின்றி நார்கள் நசுங்குகின்றன. காய்ந்ததும் முன்னைவிடச் சிறுத்துப்போய் இன்னும் அதிகமாக ஆடும். மாறாக, தலை கீழே தொங்கும்படி காம்பைச் செங்குத்தாகப் பிடித்து, காம்பின் அடிமுனையை மரச்சுத்தியலால் தட்டுங்கள். காம்பு கீழிறங்கும், கனத்த தலை தன் நிலைமத்தால் அங்கேயே நிற்கும், அதனால் காம்பு துளைக்குள் இறுகும். பிறகு காம்பின் தலைப்பக்க முனையில் செருகியுள்ள ஆப்பை இறக்குங்கள், அது போதாதென்றால் புதிது அடியுங்கள். ஆடும் தலையோடு ஓர் அடிகூட அடிக்க வேண்டாம்.

தீட்டுவதற்கு முன் வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கூர்மையான விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, வெள்ளைக் கோடாக மின்னும் இடம் மழுங்கிய இடம். தலையை அசையாமல் பொருத்தி, கையுறை அணிந்து, அரத்தைத் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். இருபக்கமும் சேர்த்து 30 பாகை அளவு. மறுபக்கத்தில் நீளம் முழுதும் பிசிர் தட்டுப்பட்டதும் பக்கம் மாற்றுங்கள். பிறகு சாணைக்கல்லைச் சிறு வட்டங்களாக ஓட்டிப் பிசிரை எடுங்கள். சுழலும் இயந்திரச் சாணை வேண்டவே வேண்டாம். விளிம்பு 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாகி நீலம் பூத்தால் அங்கே பதம் போய்விட்டது. நீலம் ஏறிய பகுதி முழுவதையும் தேய்த்து நீக்கினால்தான் மறுபடி கூர் நிற்கும்.

இத்தனையும் எதற்கு? நெருப்புக்கு. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரைகூடத் தண்ணீர் இருக்கலாம். ஒரு கிலோ தண்ணீரை நீராவியாக்கவே 2.26 மெகாஜூல் செலவாகும், அது உங்களுக்கு வராத வெப்பம். எனவே பச்சை மரத்தைத் தொடாதீர்கள். தரையில் கிடப்பதைவிட, பட்டு நின்றபடியே காய்ந்த மரமே உலர்ந்தது. மழை பெய்தாலும் அதன் மேல்பகுதிதான் நனையும், பிளந்தால் உள்ளே காய்ந்த மரம் கிடைக்கும். முகாமுக்குக் கைக்கோடாரி எடுத்துப் போவதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. தீக்குச்சித் தடிமன், பென்சில் தடிமன், விரல் தடிமன், மணிக்கட்டுத் தடிமன் என நான்கு வகையாகப் பிளந்து அடுக்கிய பிறகே தீ மூட்டுங்கள். மெல்லிய சிம்புக்கு எடையை ஒப்பிடும்போது மேற்பரப்பு அதிகம், அதனால் சீக்கிரம் சூடேறிப் பற்றிக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் வாயைத் துடைத்து, எண்ணெய் தடவி, உறைக்குள் வையுங்கள். காம்புக்கு ஆளிவிதை எண்ணெய் ஏற்றது. ஆனால் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. அந்த எண்ணெய் உலர்வது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்துதான், அப்போது வெப்பம் வெளிவரும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கி, துணி தானாகவே தீப்பற்றக்கூடும். வெட்டவெளியில் விரித்துக் காயவிட்ட பிறகு அப்புறப்படுத்துங்கள்.