எலும்பு பொருந்தவில்லை, வழக்குப் போடலாமா?

"எட்டு மாதமாகியும் எலும்பு பொருந்தேல்ல, டொக்டர் பிழை விட்டிட்டார்." இந்த ஒரே வசனத்தோடு, கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு வருபவர்கள் குறைவதாயில்லை. கையில் ஒரேயொரு எக்ஸ்ரே இருக்கும். அதுவும் கடைசியாக எடுத்தது.

கடைசி எக்ஸ்ரேயை வைத்து வைத்தியரின் கவலையீனத்தை நிரூபிக்க முடியாது. கீழ்க்கால் எலும்பு ஒழுங்காகப் பொருந்துவதற்கே நாலைந்து மாதம் பிடிக்கும். 9 மாதம் கடந்து, கடைசி 3 மாதத்தில் ஒரு முன்னேற்றமும் இல்லையென்றால்தான் பொதுவாக அதைப் பொருந்தா முறிவு என்பார்கள். தோலைக் கிழித்து வெளியே வந்த முறிவு, சீனி வருத்தம், சிகரெட், கிருமித்தொற்று ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே, எவ்வளவு திறமான நிபுணர் பார்த்தாலும் பிந்தலாம், சிலவேளை பொருந்தாமலே போகலாம். தயவுசெய்து முடிவைப் பார்த்துப் பிழையைக் கணிக்காதீர்கள்.

நீதிமன்றம் கேட்பது இரண்டு. நியாயமான திறமையுள்ள வைத்தியர் அந்த நேரத்தில் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா? செய்யாததால்தான் இந்தச் சேதம் வந்ததா? வழக்குகள் விழுவது இரண்டாவதில். ஒரு குழந்தையின் மரணத்துக்கு மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் ரூபா நட்டஈடு தீர்த்த வழக்கில், 2001இல் உயர் நீதிமன்றம் கவலையீனத்தை ஏற்றது. ஆனால் மரணம் அதனால்தான் நேர்ந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று நட்டஈட்டை மறுத்தது.

ஆராயத் தகுந்தவையும் உண்டு. விழுந்து, கைப் பெருவிரலடிக் குழியில் நோகிறது. முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. 10–14 நாளில் திரும்பப் படமெடுக்கச் சொல்லாமல் 'சுளுக்கு' என்று அனுப்பிவிட்டார்கள் என்றால் அது கேள்வி. மணிக்கட்டு முறிவை இழுத்துச் சரிசெய்து பிளாஸ்டர் போட்டவர்கள், முதல் இரண்டு கிழமைக்குள் எலும்பு நழுவியதா என்று பார்க்கவில்லை என்றாலும் அப்படியே. பிளாஸ்டருக்குள் வலி ஏறிக்கொண்டே போகிறது, விரலை நீட்டிவிட்டால் உயிர் போகிறது, விறைக்கிறது. சொல்லியும் பெனடோல் மட்டும் தந்தார்கள் என்றால் அது மிகப் பாரதூரமானது. அந்த நிலையில் கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். நடுச்சாமமானாலும் விபத்துப் பிரிவுக்கு ஓடுங்கள். சில மணித்தியாலத்தில் தசை செத்துவிடும்.

பாதியில் பிளாஸ்டரைக் கழற்றி முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுப் போட்டிருந்தால் சட்டத்தரணியிடம் மறைக்க வேண்டாம். எதிர்த்தரப்பின் முதல் கேள்வியே அதுதான்.

முதல்நாள் தொடக்கம் எல்லா எக்ஸ்ரேயையும் திகதிவாரியாக அடுக்குங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டயக்னோசிஸ் காட், கிளினிக் கொப்பி இரண்டும் வேண்டும். வாட்டில் உங்கள் சிகிச்சையை எழுதிவைத்த பெட் ஹெட் டிக்கெட் வைத்தியசாலையிலேயே இருக்கும். பிரதியை எழுத்தில் கேளுங்கள். அரச வைத்தியசாலையானால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் உதவும். பிறகு இன்னொரு எலும்பு முறிவு நிபுணரிடம், "பிழையா?" என்று மொட்டையாகக் கேளாமல், எந்தத் திகதியில் என்ன செய்திருக்க வேண்டும், செய்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். சாட்சி சொல்ல நிபுணர் ஒருவரும் இல்லையென்றால் வழக்கு நிற்பது மிகக் கடினம்.

1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி வழக்குமூலம், அதாவது வழக்குப் போடும் உரிமையைத் தரும் சம்பவம், எழுந்து 2 வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கடைசிச் சத்திரசிகிச்சையிலிருந்து எண்ணாதீர்கள். இலங்கை மருத்துவ சபைக்கு முறையிட்டுவிட்டுக் காத்திருப்பதால் இந்தக் கடிகாரம் நிற்காது. சபை ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கலாம், நட்டஈடு தராது. அரச வைத்தியரென்றால் ஒரு மாத முன்னறிவித்தலும் கொடுக்க வேண்டும். அந்த மாதத்தையும் கணக்கில் வையுங்கள்.

வழக்கு எப்படிப் போனாலும் சிகிச்சையை நிறுத்த வேண்டாம். பொருந்தாத எலும்போடு வீட்டிலிருந்தால் சேதத்தைக் கூட்டியது நீங்கள்தான் என்பார்கள். அடுத்த கிளினிக் திகதிக்குப் போய், எலும்பு ஒட்டுச் சத்திரசிகிச்சை வேண்டுமா என்று கேளுங்கள்.