நீவலாமா, தொடவே கூடாதா?

ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு அருவியில் குளிப்பது நெடுநாள் பழக்கம். உடம்பு அலுப்புக்கு அது நல்லதுதான். வண்டியிலிருந்து விழுந்து வீங்கிய முழங்கையையும், ஆபரேஷனுக்குப் பிறகு வீங்கிய காலையும் அதேபோல் உருவச் சொல்லி நீட்டும்போதுதான் ஆபத்து.

முழங்கையில் அடிபட்ட பிள்ளையை எண்ணெய் போட்டு உருவி, மடக்கி நீட்டி விடுவது இன்னும் நடக்கிறது. முழங்கையின் முன்பக்கத் தசை எலும்போடு ஒட்டியே இருக்கிறது. அடிபட்டதும் அதற்குள் ரத்தம் கட்டும். அந்த இடத்தை அழுத்தித் தேய்த்தால், தசைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கலாம். மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் என்று இதற்குப் பெயர். ஒரு சில வாரங்களில் கை சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும் அளவுக்குக்கூட மடங்காமல் போய்விடலாம். அடிபட்ட முழங்கைக்கு எக்ஸ்ரேதான் முதல் வேலை. எலும்பு முறிவு இல்லை என்று தெரிந்த பிறகும் அங்கே மசாஜ் வேண்டாம். பிள்ளை தானாக எவ்வளவு மடக்குகிறதோ அவ்வளவு போதும்.

அடுத்தது கெண்டைக்கால். மாவுக்கட்டு, பிரசவம், ஆபரேஷன், பல நாள் படுக்கை இவற்றுக்குப் பிறகு ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் ரத்தநாளத்துக்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். அதை நீவினால் உறைகட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுத்துவிடலாம். கையை எடுத்துவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

கணுக்கால் சுளுக்குக்கு முதல் 2, 3 நாள் உருவவே கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் 10 முதல் 15 நிமிடம், கிரேப் பேண்டேஜ் (இழுபடும் துணிக்கட்டு), காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பது, இவை போதும். நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பின்மேல் தொட்டால் வலி தாங்காவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

சரி, மசாஜ் எதற்குத்தான் உதவும்? மாங்காய் சீசனில் கிரேட் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி இறுகிப்போன இடுப்புக்கும், ஓசூர்க் கம்பெனிகளில் எட்டு மணி நேரம் குனிந்தே வேலை பார்த்துக் கல்லாகிப்போன கழுத்துக்கும் நன்றாகவே உதவும். குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை கொடுங்கள். முதுகு முழுவதற்கும் வெதுவெதுப்பான நல்லெண்ணெய் இரண்டு டீஸ்பூன் போதும். அதற்கு மேல் ஊற்றினால் கை வழுக்கும், பிடி நிற்காது. முதல் 3 நிமிடம் உள்ளங்கையால் இடுப்பிலிருந்து தோள் நோக்கி மெதுவாக நீவ வேண்டும். பிறகு முதுகெலும்பின் இரு பக்கத்துத் தசையை மட்டும் சப்பாத்தி மாவு போலப் பிசையலாம். முதுகெலும்பின் மேலேயே அழுத்துவதும், ஏறி மிதிப்பதும் கூடாது. வலியைப் பத்துக்குக் கணக்கிட்டால் ஐந்தைத் தாண்டக் கூடாது. பல்லைக் கடித்துத் தாங்கினால் தசை இன்னும் இறுகுமே தவிர விடாது. மொத்தம் 15, 20 நிமிடம் போதும். டென்னிஸ் எல்போ (முழங்கையின் வெளிப்பக்க வலி) போன்ற தசைநாண் வலிக்கு, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாணின் வலிக்கு, நாணின் குறுக்கே விரலால் ஆழமாகத் தேய்க்கும் முறை ஒன்று உண்டு. அதற்கு எண்ணெயே போடக் கூடாது, தோலும் விரலும் சேர்ந்தே நகர வேண்டும். இதைப் பயின்றவர் கையில் விடுவதே நல்லது.

மசாஜால் கிடைக்கும் சுகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். சுகமாயிருக்கிறது என்று அப்படியே படுத்துத் தூங்கிவிட்டால் மறுநாள் வலி திரும்பி வரலாம். வலி தணிந்த அந்த நேரத்திலேயே மல்லாந்து படுத்து, முழங்காலை ஒவ்வொன்றாக மார்புக்கு இழுத்து 20 விநாடி பிடியுங்கள். பிறகு இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்தி 5 விநாடி நிறுத்துங்கள். இரண்டையும் பத்துப் பத்து முறை. இடுப்புவலியோடு சிறுநீர் அடைபட்டாலோ, கட்டுப்படாமல் போனாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ மசாஜைப் பற்றியே யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சர்க்கரை நோயில் கால் மரத்தவர்களுக்கு வெந்நீர் ஒத்தடம் கூடாது. சுடுவது அவர்களுக்குத் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆழமாக அழுத்தக் கூடாது.

பக்கவாதத்தில் விழுந்த கையை எண்ணெய் போட்டு வேகமாகத் தேய்த்தால் உணர்வு வரும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். பாதிப்பு மூளையில். கையைத் தேய்த்து அதைச் சரி செய்ய முடியாது. இறுகிய கையை மெதுவாக நீவித் தளர்த்தி, உடனே ஒரு டம்ளரைப் பிடிக்கப் பழக்க வேண்டும். எழுப்பி உட்கார வைக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு இறங்கிவிடலாம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் அதில் உண்டு. நடக்க முடியாதவர் வீட்டில் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். பிசியோதெரபிஸ்ட் வரும் நேரத்தில் வீட்டில் ஒருவர் பக்கத்திலேயே இருந்து, ஒவ்வொரு பயிற்சியையும் எத்தனை முறை என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். மற்ற நாட்களில் அதைச் செய்விக்கப் போவது அவர்தான்.