மதச்சார்பற்ற மறுசீரமைப்பு என்று ஒன்று இல்லை

ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கட்சிகளின் பலம் மாறிய கதையைச் சொல்லும் ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை, திருகோணமலையில் உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது. அதில் ‘மதச்சார்பற்ற மறுசீரமைப்பு’ என்றொரு தொடர் பத்திக்குப் பத்தி வருகிறது. பிறகு அதே தொடரை ஒரு கருத்தரங்கில் கேட்டேன். அண்மையில் ஒரு மாணவியின் விடைத்தாளிலும் பார்த்தேன். தேவாலயங்களின் செல்வாக்குக் குறைந்ததால் கட்சிகள் தங்களைத் திருத்தி அமைத்துக்கொண்டன என்று அந்தப் பிள்ளை விளக்கம் எழுதியிருந்தாள். பிள்ளையில் பிழை இல்லை. தமிழில் அந்தத் தொடரைப் படித்தால் வேறு என்ன விளங்கும்? ஆனால் அந்த மாநிலங்களில் நடந்தது ஏறக்குறைய இதற்கு எதிரானது. 1980 வாக்கில் இருந்து வெள்ளையின நற்செய்திச் சபைக் கிறிஸ்தவர்கள் திரளாகக் குடியரசுக் கட்சியின் பக்கம் போனதும் அந்த மாற்றத்தின் ஒரு பகுதி.

மூலத்தில் இருப்பது ‘செக்கியுலர் ரீஅலைன்மென்ட்’. பல தேர்தல்களுக்கு ஊடாக வாக்காளர் மெல்லக் கட்சி மாறுவதைக் குறிக்கும் கலைச்சொல் அது. இரண்டு சொல்லும் பிழையாகவே தமிழுக்கு வந்திருக்கின்றன.

முதலாவது, ‘செக்கியுலர்’. இலத்தீனில் ‘சேக்குலும்’ என்றால் ஒரு தலைமுறை, ஒரு காலம், ஒரு நூற்றாண்டு. கிறிஸ்தவ எழுத்தாளர்கள் நித்தியத்துக்கு எதிராக ‘இந்தக் காலம், இந்த உலகம்’ என்ற பொருளில் அதைப் பயன்படுத்தியதால், உலகு சார்ந்தது, மதம் சாராதது என்ற பொருள் அந்தக் கிளையில் வளர்ந்தது. பழைய பொருளும் சாகவில்லை. பொருளியலில் ‘செக்கியுலர்’ போக்கு என்றால் பல பத்தாண்டுகளாக ஒரே திசையில் நகரும் போக்கு. கத்தோலிக்கத் திருச்சபையில் துறவற சபைகளில் சேராத, மறைமாவட்டத்துக்கு உரிய குருக்களையும் இதே சொல்லால்தான் குறிப்பார்கள். அவர்களை ‘மதச்சார்பற்ற குருக்கள்’ என்று திருகோணமலை மறைமாவட்டத்தில் யாராவது எழுதுவார்களா? இடம் பார்த்துச் சொல்லெடுக்க அங்கே தெரிகிறது. தேர்தல் பற்றி எழுதும்போது மட்டும் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிடுகிறோம்.

இரண்டாவது, ‘ரீஅலைன்மென்ட்’. பிரெஞ்சு வழியாக வந்தது. அடியில் இருப்பது கோடு, வரிசை. அதற்கும் அடியில் இலத்தீனில் ஆளிச்செடி நாரில் திரித்த நூல். நூல் பிடித்தாற்போல் வரிசையில் நிற்பது, அந்த வரிசை கலைந்து வேறு வரிசை உண்டாவது, அவ்வளவுதான்.

இந்த இரண்டையும் சேர்த்துத் தேர்தல் ஆய்வில் ஓட விட்டவர் அமெரிக்க அரசறிவியலாளர் வி. ஓ. கீ. 1955இல் அவர் ‘கிரிட்டிக்கல்’ தேர்தல் என்ற கருத்தை முன்வைத்தார். மசாசுசெட்ஸ் மாநிலத்தின் சமர்வில் நகரத்தையும் ஆஷ்ஃபீல்ட் என்ற சிற்றூரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 1928இல் ஜனநாயகக் கட்சி கத்தோலிக்கரான ஆல் ஸ்மித்தை ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியபோது, குடியேறிய கத்தோலிக்கத் தொழிலாளர் நிறைந்த சமர்வில் அவர் பக்கம் சாய்ந்தது. பழைய புரட்டஸ்தாந்து விவசாயிகளின் ஆஷ்ஃபீல்ட் எதிர்ப்பக்கம் போனது. அதற்குப் பிறகும் அந்தப் பிளவு நிலைத்தது. ஒரே தேர்தலில் வந்து தங்கிவிட்ட மாற்றம் அது. 1959இல் கீ இதற்கு ஒரு துணைக் கருத்தைச் சேர்த்தார். எந்தத் தனித் தேர்தலின் பரபரப்போடும் சேராமல், பல தேர்தல்களுக்கு ஊடாக ஒரு கூட்டத்தார் மெல்ல மெல்லக் கட்சி மாறுவது. அதைத்தான் ‘செக்கியுலர்’ என்றார். கவனியுங்கள், மதம் வெளிப்படையாக வேலை செய்தது 1928இன் திடீர் மாற்றத்தில். மெல்ல நடக்கும் மாற்றத்துக்கு ‘மதச்சார்பற்ற’ என்று பெயர் வைத்தால், கீ சொன்னதின் இரண்டு பாதியும் சிதைந்துபோகின்றன.

மெல்ல நடப்பது என்றால் எவ்வளவு மெல்ல? அலபாமா, ஜோர்ஜியா, மிசிசிப்பி அடுத்தடுத்த மாநிலங்கள். நெடுங்காலம் ஜனநாயகக் கட்சியின் கோட்டைகள். இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைகள் சட்டம் நிறைவேறிய 1964இல் மூன்றும் ஜனாதிபதித் தேர்தலில் குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டருக்கு வாக்களித்தன. 1976இல் மூன்றும் ஜனநாயகக் கட்சியின் கார்ட்டரிடம் திரும்பின. ஜோர்ஜியாவில் குடியரசுக் கட்சி ஆளுநர் பதவியைப் பிடித்தது 2002இல். அலபாமா சட்டமன்றமோ 2010 வரை ஜனநாயகக் கட்சியின் கையிலேயே இருந்தது. ஜனாதிபதிக்கு ஒரு கட்சி, ஊர்ச் சட்டமன்றத்துக்கு இன்னொரு கட்சி என்று ஒரு தலைமுறை வாழ்ந்து முடிந்திருக்கிறது. வடகிழக்கில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். வெர்மொண்ட் 1856 முதல் 1960 வரை ஒரு ஜனாதிபதித் தேர்தல் தவறாமல் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தது. 1936இல் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டை நிராகரித்தவை வெர்மொண்டும் மேய்னும் மட்டுமே. அதே வெர்மொண்ட் 1992க்குப் பிறகு ஒருமுறைகூட அந்தக் கட்சிக்கு வாக்களிக்கவில்லை.

இதற்கு ‘மறுசீரமைப்பு’ என்று பெயர் வைப்பவர்களோடுதான் எனக்குப் பெரிய வழக்கு. ‘மதச்சார்பற்ற’ என்பது கவனக்குறைவால் வந்த பிழை, சுட்டிக்காட்டினால் திருத்திவிடுவார்கள். ‘மறுசீரமைப்பு’ அப்படியல்ல. சொல்லிக்காட்டினாலும், ‘எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்’ என்று நிற்கிறார்கள்.

சீர் என்றால் ஒழுங்கு, நலம், அழகு. சீரமைப்பது என்றால் கெட்டுக்கிடந்ததை ஒருவர் எடுத்து நேராக்குவது. செய்பவர் ஒருவர் வேண்டும், செய்தது நல்லதாகவும் இருக்க வேண்டும். இலட்சக்கணக்கான வாக்காளர் முப்பது, நாற்பது ஆண்டுகளில் தனித்தனியாக மனம் மாறியதில் அமைத்தவர் யார்? அது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லவும் அந்தக் கலைச்சொல் வரவில்லை. கறுப்பின மக்களின் வாக்குரிமையை எதிர்த்த கோபமும் கலந்து நடந்த ஒரு மாற்றத்தைச் சீர் என்று சொல்ல எனக்குக் கை கூசுகிறது.

அதோடு அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை கொடுத்துவிட்டோம். 2022க்குப் பிறகு இலங்கையில் மறுசீரமைப்பு என்றதும் சந்தையில் நிற்பவருக்கும் கடன்தான் ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் தொகுதி மறுசீரமைப்பு என்றால் தொகுதி எல்லைகளைத் திரும்ப வரையும் வேலை. மாநிலங்களைப் பற்றிப் பேசும்போது நிலைமை இன்னும் மோசம். இந்தியாவில் 1956இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்த சட்டத்துக்கே மாநில மறுசீரமைப்புச் சட்டம் என்றுதான் பெயர். ஆந்திராவைப் பாருங்கள். 2009இல் ஒன்றுபட்ட ஆந்திராவில் ஆட்சியைப் பிடித்த காங்கிரஸ், 2014இன் ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டத்தால் தெலங்கானா பிரிந்த பிறகு, எஞ்சிய ஆந்திராவின் சட்டமன்றத்துக்கு ஒருவரைக்கூட அனுப்ப முடியாமல் போனது. 2019, 2024 தேர்தல்களிலும் அதே கதி. பக்கத்துத் தெலங்கானாவிலோ 2023இல் ஆட்சிக்கே வந்தது. இந்த இரண்டு அயல் மாநிலங்களையும் ஒப்பிட்டு ஒருவர் எழுதும்போது, ‘மறுசீரமைப்பால் மறுசீரமைப்பு ஏற்பட்டது’ என்றா எழுதுவார்? சட்டம் ஒன்று, வாக்காளர் மனம் ஒன்று. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் காரணத்தையும் விளைவையும் பிரிக்க முடியாது.

சரி, ‘மீள் அணிசேர்க்கை’ என்று எழுதுவோம் என்கிறார்கள் வேறு சிலர். ‘அணிசேர்க்கை’ எனக்கும் உடன்பாடுதான். ‘மீள்’ தான் இடிக்கிறது. இலங்கைத் தமிழில் ஆங்கிலத்து ‘ரீ’யைக் கண்டதும் ‘மீள்’ போடுவது ஒரு நோயாகப் பரவிவிட்டது: மீள்பரிசீலனை, மீள்கட்டமைப்பு, மீள்நிர்ணயம், மீள்பார்வை. மீளுதல் என்றால் திரும்பி வருதல். மீள்குடியேற்றம் என்பது பொருத்தமான சொல். போரில் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் தங்கள் சொந்தக் காணிக்குத் திரும்பினார்கள், ஆகவே மீண்டார்கள். அலபாமா வாக்காளர் எங்கே திரும்பினார்? அவர் புதிய பக்கம் போனார். ‘மீள் அணிசேர்க்கை’ என்றால் விட்ட கட்சிக்கே திரும்ப வந்தார் என்று படிக்கத் தோன்றும். 1976இல் கார்ட்டரிடம் திரும்பியதற்கு வேண்டுமானால் அந்தச் சொல் சரி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் சொன்ன அதே கட்டுரையில் ‘அயல் நாடுகளில் கட்சிப் பலம்’ என்று இருக்கிறது. வெர்மொண்டும் நியூ ஹாம்ப்ஷயரும் நாடுகளாம்! நம்மிடம் மாகாணம்தான் உண்டு, மாநிலம் இல்லை. அதற்காக மாநிலத்தை நாடாக்கிவிடுவதா? தமிழ்நாட்டுக்காரரோடு ஒரே மொழியில் எழுதுகிறோம், ‘மாநிலம்’ நமக்கும் சொந்தம்.

என் தேர்வு ‘வாக்காளர் அணிமாற்றம்’. அணி என்பது பழைய சொல். படையின் வரிசைக்கும் அதுதான் பெயர். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகள் அணிநடை போகிறார்கள். அதைவிடப் பெரிய சான்று, ஆங்கிலத்தில் இதே வேரில் பிறந்த சொல்லை நாம் ஏற்கெனவே இப்படித்தான் தமிழாக்கியிருக்கிறோம். 1976 ஆகஸ்டில் கொழும்பில் கூடியது அணிசேரா நாடுகளின் 5ஆவது உச்சி மாநாடு. சீரமையா நாடுகள் என்று யாரும் எழுதவில்லையே. அரை நூற்றாண்டாக மக்கள் வாயில் பழகிய வழி இருக்கும்போது அதை விட்டு ஏன் விலக வேண்டும்?

இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி உண்டு. அணிமாற்றம் என்றால் பாராளுமன்ற உறுப்பினர் எதிர்க்கட்சியில் இருந்து ஆளும் கட்சிக்குப் போவது போல் கேட்கிறது என்பார்கள். அதற்குக் கட்சித் தாவல் என்ற நல்ல சொல் நாட்டில் ஏராளமாகப் புழங்குகிறது. ஆனாலும் குழப்பம் வராமல் இருக்கத்தான் ‘வாக்காளர்’ என்பதை முன்னால் சேர்க்கச் சொல்கிறேன். கீயின் இரு வகைகளையும் இப்படிப் பிரிக்கலாம்: மெல்ல நடப்பது நெடுங்கால அணிமாற்றம், ஒரே தேர்தலில் நடப்பது திருப்புமுனைத் தேர்தல். ‘தலைமுறை அணிமாற்றம்’ என்று வைத்தால் இலத்தீன் வேருக்கு நெருக்கம்தான், ஆனால் இளையவர்கள் மட்டும் மாறியதாகப் பொருள்படும். ‘கிரிட்டிக்கல்’ என்பதை ‘விமர்சன’ என்றும் ‘நெருக்கடி’ என்றும் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் ‘மதச்சார்பற்ற’ போன்ற பிழையே. பழைய கட்சியை விட்டுவிட்டு எந்தக் கட்சியிலும் ஒட்டாமல் நிற்பவர்களின் நிலைக்கு அணிவிலகல் போதும்.

இந்தச் சொற்கள் நமக்கு வெளிநாட்டுக் கதை படிக்க மட்டும் அல்ல. 1947இல் இலங்கையின் தமிழ்ப் பகுதிகளில் தமிழ்க் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1952இல் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தவை 2, அதில் ஒன்று திருகோணமலை. 1956இல் தமிழரசுக் கட்சி 10, தமிழ்க் காங்கிரஸ் 1. பிறகு அந்த வரிசை திரும்பவில்லை. திருப்புமுனைத் தேர்தலுக்கு இதைவிட நல்ல பாடம் பிள்ளைகளுக்கு வேறெங்கும் தேட வேண்டாம். தமிழ்நாட்டில் திமுக 1962இல் 50 இடங்களும் 1967இல் 137 இடங்களும் பெற்றதை வைத்துப் பார்த்தால், திருப்புமுனைக்குப் பின்னால் ஒரு நெடுங்கால நகர்வும் இருந்தது தெரியும். இரண்டு சொல்லும் கையில் இருந்தால்தான் இரண்டையும் காட்ட முடியும்.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் தென்னிலங்கையைத் தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி திருகோணமலை மாவட்டத்தின் 4 ஆசனங்களில் 2ஐயும் யாழ்ப்பாணத்தில் 6இல் 3ஐயும் பெற்றது. மறுநாளே ‘தமிழர் அரசியலில் மறுசீரமைப்பு’ என்று தலைப்புகள் வந்தன. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கு கிழக்கின் பல சபைகளில் தமிழரசுக் கட்சி திரும்ப முன்னுக்கு வந்தபோது, அந்தத் தலைப்பை எழுதியவர்களிடம் அதற்குப் பெயர் இருக்கவில்லை. வழக்கமான அணியை ஒருமுறை விட்டு விலகி மறுபடி வருவதற்கு அமெரிக்க ஆய்வாளர்கள் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் விலகல் தேர்தல் என்று சொல்லலாம். 2024 விலகலா, திருப்புமுனையா, அல்லது தொடங்கியிருக்கும் நெடுங்கால அணிமாற்றத்தின் முதற்படியா என்பதை அடுத்த இரண்டு மூன்று தேர்தல்களின் தொகுதி முடிவுகளை வைத்துத்தான் சொல்ல முடியும். உயர்தரப் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியை இந்தச் சொற்களில் கேளுங்கள்.