டர்போ ஃபால்கன் வாங்கும் முன் கூலண்ட் மூடியைத் திறந்து பாருங்கள்

"வண்டிக்கு ஆர்.டபிள்யூ.சி. இருக்கு அண்ணா, அப்புறம் என்ன?" ஃபோர்டு ஃபால்கனின் டர்போ மாடலான எக்ஸ்ஆர்6 டர்போ ஒன்றைப் பார்த்துவிட்டு வரும் பையன்கள் என் பட்டறையில் அதிகம் சொல்வது இதைத்தான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஆர்.டபிள்யூ.சி., அதாவது ரோட்வொர்த்தி சான்றிதழ் என்றால் பிரேக், டயர், லைட், சஸ்பென்ஷன், துரு இந்த மாதிரிப் பாதுகாப்புச் சமாச்சாரம்தான். டர்போ எந்த நிலையில் இருக்கிறது, கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பதெல்லாம் அந்தத் தாளில் வராது. பத்து நிமிடத்தில் கியர்பாக்ஸ் நழுவப் போகிற வண்டிகூட அந்தச் சோதனையில் தேறிவிடும்.

ஃபோர்டு தன் பிராட்மெடோஸ் ஆலையை 2016 அக்டோபர் 7 அன்று மூடிய பிறகு இந்த வண்டிகளின் விலை ஏறியிருக்கிறது. இனி புதிதாக ஒன்று வராது என்பது விற்கிறவருக்கும் தெரியும். ஜிலாங்கில் செய்த அந்த 4 லிட்டர், ஆறு சிலிண்டர் பார்ரா எஞ்சின் நிஜமாகவே நல்ல எஞ்சின். 2002இல் வந்த பி.ஏ. மாடலில் டர்போவோடு 240 கிலோவாட், 2008இன் எஃப்.ஜி.யில் 270, கடைசியாக வந்த ஸ்பிரின்ட்டில் 325. என்னைக் கேட்டால், அது அவ்வளவு உறுதியாக இருப்பதுதான் வாங்குகிறவருக்குப் பிரச்சினை. பி.ஏ.வில் கம்பெனி வைத்த பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், 6 பி.எஸ்.ஐ. மட்டும்தான். எஞ்சின் இன்னும் நிறையத் தாங்கும் என்று தெரிந்த எந்தப் பையனும் அதை அப்படியே விட்டுவைத்ததில்லை. லேப்டாப்பைச் செருகி எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றி ட்யூன் போட்டுவிட்டால் பானெட்டைத் திறந்து பார்க்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது.

பூஸ்ட்டை ஏற்றினால் முதலில் திணறுவது வால்வ் ஸ்பிரிங். பழைய ஸ்பிரிங்கால் அதிக ஆர்.பி.எம்.மில் வால்வை ஒழுங்காக மூட முடியாது, வண்டி இருமும். அடுத்தது ஆயில் பம்ப் கியர். ரெவ் லிமிட்டரில், அதாவது எஞ்சின் சுற்றும் உச்ச வரம்பில், வைத்து அடித்து விளையாடிய வண்டியில் அது உடைந்தால் ஆயில் பிரஷர் அந்த நொடியே போய்விடும், பின்னாலேயே எஞ்சினும் போய்விடும். அதனால் ட்யூன் செய்த வண்டி என்பதற்காக ஓட வேண்டாம். யார் செய்தார்கள், எஞ்சின் சக்தியை அளந்த டைனோ தாள் எங்கே, ஸ்பிரிங்கும் பம்ப் கியரும் மாற்றிய பில் எங்கே என்று கேளுங்கள். பில்லோடு நிற்கிற ட்யூன் வண்டியை நான் நம்புவேன். பெரிய இன்டர்கூலரும் தடித்த எக்ஸாஸ்ட்டும் மாட்டிவிட்டு "ட்யூனா, சேச்சே, ஸ்டாக் வண்டி" என்கிறவரிடம் தேங்க்ஸ் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இனி கூலண்ட் விஷயம். 2005 பி.எஃப். மாடலிலிருந்து வந்த இசட்.எஃப். ஆறு ஸ்பீடு ஆட்டோமேட்டிக்கில் கியர் ஆயிலைக் குளிர்விக்க ஒரு சின்ன ஹீட் எக்ஸ்சேஞ்சர் உண்டு. ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் எஞ்சின் கூலண்ட், நடுவே மெல்லிய உலோகத் தகடு, அவ்வளவுதான். வருஷக்கணக்கில் கூலண்ட் மாற்றாமல் விட்டால் அந்தத் தகடு உள்ளுக்குள் அரிக்கும். ஒரு நாள் இரண்டும் கலந்துவிடும். பட்டறைகளில் இதற்குப் பெயர் மில்க்‌ஷேக். கியர்பாக்ஸுக்குள் போன கூலண்ட், கிளட்ச் தகடுகளில் உராய்வுப் படலத்தை ஒட்டியிருக்கிற பசையைக் கரைத்துவிடும், அதற்கப்புறம் ஆயிலை எத்தனை முறை மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை, பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும், அந்தச் செலவு சில சமயம் வண்டி விலையில் பாதியைத் தொடும். எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலண்ட் மூடியைத் திறந்து விரலை உள் விளிம்பில் தடவுங்கள். இளஞ்சிவப்பாகக் குழகுழவென்று ஒட்டினால் பேரம் பேசவே வேண்டாம். கூலண்ட் சுத்தமாக இருந்தும் அளவு குறைகிறது, வெளியே ஒழுகும் இடமும் தெரியவில்லை என்றால் அதே சந்தேகம்தான். இந்தக் கியர்பாக்ஸில் டிப்ஸ்டிக் கிடையாது, ஆயிலை நீங்களாகப் பார்க்க முடியாது. வாங்கிய கையோடு அந்த எக்ஸ்சேஞ்சரைப் புதிதாக மாற்றுங்கள், அல்லது அதை ஒதுக்கிவிட்டுக் காற்றில் குளிரும் கூலர் வையுங்கள். வேறு எந்தச் செலவையும் தள்ளிப்போடலாம், இதை மட்டும் முடியாது.

பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் போகும்போது சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து எதையோ மறைத்திருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிடம் ஐடிலில் விட்டு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. மெக்கானிக் கூட இருந்தால், எஞ்சினை அணைத்துவிட்டு டர்போவின் இன்டேக் குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் சக்கரத்தின் நுனியை இரண்டு விரலால் பிடித்து அசைத்தால் பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம், அது சகஜம். முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, இறக்கை சுவரில் உரசிய கீறல் தெரிந்தாலோ டர்போ முடிந்தது.

காகிதம் சீக்கிரம் முடிகிற வேலை. விஐஎன் என்கிற வண்டியின் அடையாள எண்ணை, கடன் பதிவுகளை வைத்திருக்கும் பிபிஎஸ்ஆர் அரசுத் தளத்தில் 2 டாலர் கட்டித் தேடினால் கடன் பாக்கியும் விபத்தில் கழித்துவிட்ட பதிவும் வந்துவிடும். அதே பெயர் மாதிரி இருக்கும் தனியார் தளங்கள் பல மடங்கு கேட்கும், கவனம். ஆஸ்திரேலிய ஃபோர்டு என்றால் அந்த எண் 6FP என்று தொடங்கும்.

பிள்ளைக்கு வாங்குகிற அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்தை. விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் புதிதாக லைசன்ஸ் வாங்கிய பி பிளேட்காரர்கள் ஒரு டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் சக்தியுள்ள வண்டியை ஓட்டக் கூடாது. எக்ஸ்ஆர்6 டர்போ ட்யூன் இல்லாமலே அதைத் தாண்டும். வண்டி அப்பா பெயரில், ஓட்டுவது பையன் என்ற ஏற்பாடு போலீஸிடமும் எடுபடாது, இன்சூரன்ஸிடமும் எடுபடாது. ட்யூன் செய்திருப்பதைச் சொல்லாமல் இன்சூரன்ஸ் எடுத்தாலும் இதே கதிதான்.

வாங்கியாயிற்று என்றால், சர்வீஸ் புத்தகம் என்ன சொன்னாலும் 7,500 கிலோமீட்டருக்கு ஒரு முறை எஞ்சின் ஆயிலை மாற்றச் சொல்வது என் வழக்கம். பி.ஏ., பி.எஃப். வண்டிகளில் டர்போவுக்கு ஆயில் போகும் குழாயில் ஒரு குட்டி ஃபில்டர் இருக்கிறது, பலருக்கு அது இருப்பதே தெரியாது; அது அடைத்தால் டர்போ ஆயில் இல்லாமல் காய்ந்து செத்துவிடும். கியர் ஆயிலை மாற்றவே தேவையில்லை என்று யாராவது சொன்னால், அந்தப் பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது என்று காட்டுங்கள். மாற்றும்போது ஆயிலின் வெப்பநிலையைப் பார்த்துத்தான் அளவு பிடிக்க வேண்டும், அதனால் ஸ்கேன் டூல் இல்லாத இடத்தில் கொடுக்காதீர்கள். எஞ்சின் சாமான்களுக்கு இப்போதைக்குப் பஞ்சமில்லை. டேஷ்போர்டு பிளாஸ்டிக், டோர் ரப்பர், உள்ளே இருக்கும் துணி மாதிரிச் சில்லறைகளுக்குத்தான் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ரெக்கர்ஸ் யார்டு யார்டாக அலைய வேண்டும், அதனால் இரண்டு வண்டி ஒரே நிலையில் இருந்தால் உட்புறம் நன்றாக இருப்பதை எடுங்கள்.